ஆடி மாதமும் ஆகஸ்ட் 17-ம்

போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு பழைய நண்பர் போன் செய்தார். அவர் பையன் ஒரு வெளிநாட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறானாம். பெண் டூரிஸ்ட் விசாவில் வந்து வீட்டில் தங்கியிருக்கிறாள். "ஏனுங்க, விசா முடிஞ்சாலும் பரவால்லைங்களாமா, நாலு நாள் அதிகமாத் தங்கி ஃபைன் கட்டிக்கலாம்னு சொல்றாங்க. நெசமுங்களா?" என்று கேட்டார்.

நெசமில்லை. ஏன் இல்லை என்று போனில் சொன்னேன். அவருக்குச் சொன்னது இன்னும் நாலு பேருக்கு உபயோகப்படும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். போன வருடம் எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அதில் நான் செய்த தப்பையும் எழுதாவிட்டால் இது அரைகுறைக் கதை.

வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் பத்திரப் பதிவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கிரயம், பாகப்பிரிவினை, வில்லங்கம் என்று வாழ்நாளை ஓட்டியவன். சார்பதிவாளர் அலுவலகம் என்றால் நிலப் பத்திரம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதே அலுவலகத்தில்தான் 1954-ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணமும் நடக்கும். மதம் வேறு, நாடு வேறு என்றால் இந்தச் சட்டம்தான். இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். ஒரு கிறிஸ்தவப் பையனைக் கோயிலில் நிறுத்தித் தாலி கட்டச் சொன்னால் ஊருக்கு அது கல்யாணம், சட்டத்துக்கு இல்லை. இது தெரியாமல் போட்டோ ஆல்பத்தைக் கொண்டுவந்து, "இதை வெச்சு விசா வாங்கித் தாங்க" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தின் கணக்கு சுலபம். மணமக்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். ஆட்சேபணை சொல்ல 30 நாள் அவகாசம். அது கழிந்தால் மூன்று சாட்சிகளோடு போய் உறுதிமொழி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் அந்த நோட்டீஸ் செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்தியாவிலேயே இருக்கிற இருவருக்கு இதில் பெரிய சிரமம் இல்லை. பாஸ்போர்ட்டில் தேதி குத்தி உள்ளே வந்தவருக்கு ஒவ்வொரு நாளும் காசு மாதிரி, எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

அந்த நோட்டீஸ்களை நானே என் கையால் பலகையில் ஒட்டியிருக்கிறேன். எந்த ஊர், எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். ஒட்டின அன்று சாயங்காலமே யாராவது ஒருவர் பெண் வீட்டுக்குச் சேதி சொல்லிவிடுவார். ஒரு வாரத்தில் வேனில் ஆள் வந்து இறங்கும். ஒரு பெண்ணை அலுவலக வாசலிலிருந்து அவள் மாமன்மார் கையைப் பிடித்து இழுத்துப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பதாவது நாள் அந்தப் பையன் மட்டும் வந்தான். நான் செய்தது விதிப்படியான வேலைதான். இருந்தாலும் அந்தப் பலகையை நினைத்தால் இன்றைக்கும் மனசு சரியில்லை.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மகள் வயிற்றுப் பேத்தி பிரான்சில் கிரெனோபிள் என்ற ஊரில் இரண்டு வருடம் படித்தாள். திரும்பி வந்து கோயமுத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கூடப் படித்த பிரெஞ்சுப் பையனைத்தான் கட்டுவேன் என்றாள். வீட்டில் இரண்டு மாதம் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கடைசியில் சரி என்றோம். 2025 மே மாதக் கடைசியில் அவன் வந்து சேர்ந்தான். நெட்டையாக, எதைக் கொடுத்தாலும் சாப்பிடுகிற பையன். கிணத்துக்கடவு வெயிலுக்கு முகம் தக்காளி மாதிரி ஆகிவிட்டது. சந்தையில் தக்காளிக்காரர்களே அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நோட்டீஸ் கொடுக்கும் முன் அவன் தரப்பில் ஒரு காகிதம் வேண்டும், இந்தக் கல்யாணத்துக்கு அவனுக்குச் சட்டப்படி தடை எதுவும் இல்லை என்ற சான்று. பிரெஞ்சுக்காரர்களுக்கு அதைத் தருவது புதுச்சேரியில் இருக்கும் அவர்கள் தூதரகம். அவர்களுக்கும் நம்மைப் போலவே அறிவிப்பு ஒட்டும் வழக்கம் உண்டு, ஆனால் 10 நாள்தான். அவன் ஊர் நகராட்சியிலும் ஒட்ட வேண்டும். தபால், மொழிபெயர்ப்பு, பிறப்புச் சான்று என்று ஜூன் முழுக்கப் போய்விட்டது. பேத்தி இரண்டு முறை லீவு போட்டு அவனோடு புதுச்சேரிக்குப் பஸ் ஏறினாள். ஜூலை 10-ஆம் தேதி, ஆனி மாதக் கடைசியில், நோட்டீஸ் கொடுத்தோம். 30 நாள் ஆகஸ்ட் 9-இல் முடிகிறது. அது சனிக்கிழமை. 11-ஆம் தேதி திங்கட்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

நான்தான் தடுத்தேன். "ஆடி மாசத்துல எந்த வீட்டுலயாவது கல்யாணம் வெப்பாங்களா? ஒரு வாரம் பொறுத்தா ஆவணி பொறக்குது. ஆவணி ஒண்ணு ஞாயித்துக்கிழமை. 18-ஆம் தேதி திங்கட்கிழமை காலைல முதல் ஆளாப் போயிரலாம்" என்றேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பெரியவர் ஒரு வழியாகச் சம்மதித்ததே பெரிது, மறுபடியும் கிளறக் கூடாது என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். பையனின் விசா எந்தத் தேதி வரைக்கும் என்று நான் கேட்கவே இல்லை. முப்பது வருடத்துக்கும் மேலாகப் பத்திரத்தில் தேதி பார்த்தே பிழைத்த மனுஷன், பேரன் முறை ஆகப்போகிறவனின் பாஸ்போர்ட்டில் தேதி பார்க்கவில்லை.

விசாவில் ஆகஸ்ட் 17 என்று அச்சடித்திருந்தது.

பேத்தி அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். என் மகள் அதை என்னிடம் கொண்டுவரவில்லை, நான் கோபித்துக்கொள்வேன் என்ற பயம். ஒரு டிராவல்ஸ்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர்தான் அந்த "ஃபைன் கட்டிக்கலாம்" யோசனையைச் சொன்னவர். பொள்ளாச்சி நண்பருக்குச் சொன்னவரும் அவராகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று எழுதிவிடுகிறேன். டூரிஸ்ட் விசாவைப் பொதுவாக வேறு விசாவாக மாற்றித் தரமாட்டார்கள். அதற்கு இருக்கிற விலக்குகளில் ஒன்று கல்யாணம். விசா உயிரோடு இருக்கும்போதே இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்துகொண்டால், பதிவுச் சான்றோடு எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்கிற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு மனுச் செய்து, 'எக்ஸ்' வகை நுழைவு விசாவாக மாற்றிக் கேட்கலாம். நம் பக்கத்துக்கு அந்த அலுவலகம் சென்னையில். 2018 முதல் மனுவை ஆன்லைனிலேயே போடலாம். விசா செத்த பிறகு கல்யாணம் செய்துகொண்டு போய் நின்றால் நீங்கள் மனுதாரர் இல்லை, சட்டத்தை மீறித் தங்கியவர். அப்போது நடப்பில் இருந்த 1946-ஆம் வருடத்து வெளிநாட்டினர் சட்டத்தில் அதற்கு ஐந்து வருடம் வரை சிறை. 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. அதில் மூன்று வருடம் வரை சிறை, அல்லது மூன்று லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நிஜத்தில் பல பேர் அபராதத்தோடு தப்பித்திருக்கலாம். ஆனால் காலமெல்லாம் இந்த நாட்டுக்கு வந்து போக வேண்டிய மாப்பிள்ளையின் முதல் காகிதத்திலேயே கறை படிய விடலாமா?

நாங்கள் மாட்டிக்கொண்ட விதத்தைப் பாருங்கள். ஆகஸ்ட் 15 வெள்ளி, சுதந்திர தினம். 16 சனி, கிருஷ்ண ஜெயந்தி. 17 ஞாயிறு, என்னுடைய ஆவணி முதல் தேதி. ஆக, விசா இருக்கும்போது கிடைக்கிற கடைசி வேலை நாள் 14-ஆம் தேதி வியாழக்கிழமை. ஆடி 29.

எனக்கு இது தெரிந்தது 12-ஆம் தேதி ராத்திரி. பேத்தி வந்து முன்னால் நின்றாள். "அப்புச்சி, அவரு திரும்பிப் போயிட்டு அக்டோபருக்குள்ள மறுபடியும் விசா வாங்கிட்டு வர்றேங்கறாரு. லீவு கெடைக்குமான்னு தெரியலை. நீங்க மனசு சங்கடப்படாதீங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிப்பது சுலபமாக இருந்திருக்கும்.

பதில் சொன்னது என் வீட்டுக்காரி. சமையல்கட்டிலிருந்து வந்தவள், "ஏனுங்க, கையெழுத்துக்கு என்னுங்க ஆடி, ஆவணி? நீங்க வேலைல இருந்தப்போ ஆடி மாசம் பூரா ஆபீசைப் பூட்டியா வெச்சிருந்தீங்க? ஆடிப்பெருக்கு அன்னைக்குப் பத்திரம் பதியக் கூட்டம் தாங்கலைன்னு சொல்லி ராத்திரி எட்டு மணிக்கு வந்து சோறு கேட்டது ஆருங்க?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. இவ்வளவு நாளும் நான் ஆடிக்குப் பயந்தேனா, இல்லை முழு மனசில்லாமல் நாளைத் தள்ளினேனா என்று அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். நேராக எதிர்க்கிற பெரியவர்களைவிட என்னை மாதிரி 'கொஞ்சம் பொறுங்க' என்று சொல்கிறவர்கள்தான் இந்த மாதிரிக் கல்யாணத்தில் ஆபத்து. எதிர்ப்பவரிடம் சண்டையாவது போடலாம். பொறுக்கச் சொல்கிறவரிடம் என்ன செய்வது? நாள் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

அந்த ராத்திரி எனக்கு ஒரு வழக்கு ஞாபகம் வந்தது. 2022-இல் பேப்பரில் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண். மாப்பிள்ளை இந்திய வம்சாவளி, அமெரிக்கக் குடிமகன். ஊருக்கு வந்து மே மாதம் மணவாளக்குறிச்சி சார்பதிவாளரிடம் நோட்டீஸ் கொடுத்தார்கள். 30 நாள் முடிந்து இருவரும் நேரில் போயும் கல்யாணம் நடத்தி வைக்கப்படவில்லை. அதற்கு மேல் இங்கே தங்க முடியாமல் மாப்பிள்ளை திரும்பிவிட்டார். பெண் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனாள். ஜூலை 28-ஆம் தேதி நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், மூன்று சாட்சிகள் முன்னிலையில் வீடியோ வழியாகவே கல்யாணத்தை நடத்தி வையுங்கள், அவருக்காகவும் சேர்த்துப் பெண்ணே கையெழுத்துப் போடலாம் என்று உத்தரவு போட்டார். கல்யாணம் செய்துகொள்வது அடிப்படை மனித உரிமை, எந்த முறையில் செய்துகொள்வது என்பதைச் சட்டமே மணமக்கள் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். அருமையான தீர்ப்பு. ஆனால் அத்தனை பேருக்கும் மதுரைக்குப் போய் வக்கீல் வைக்க முடியுமா? அந்தப் பெண்ணுக்குத் தடையாக இருந்தது ஓர் அலுவலகம். என் பேத்திக்கு அவள் அப்புச்சி.

14-ஆம் தேதி காலையில் எல்லோரும் போனோம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது, பேத்தியின் முந்தானை நிற்கவில்லை. மூன்று சாட்சியில் ஒரு சாட்சி நான். உறுதிமொழியை அவன் தமிழில் சொன்னான், மூன்று நாளாகத் தோட்டத்தில் தென்னை மரத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகியிருக்கிறான். 'சட்டப்படியான மனைவி' என்பதில் 'ட்ட' வரவில்லை. அந்த இளவயது அலுவலர் பொறுமையாக இரண்டாம் தடவை சொல்ல வைத்தார். என் காலத்தில் இருந்த முகங்களை நினைத்துக்கொண்டேன். மத்தியானம் சான்று கையில் வந்தது. சாயங்காலத்துக்குள் பேத்தி லேப்டாப்பில் உட்கார்ந்து விசா மாற்ற மனுவை அனுப்பிவிட்டாள்.

அவனுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்சில் முதலில் நகராட்சிக் கட்டடத்தில் கையெழுத்து, அப்புறம்தான் தேவாலயம். பதிவுக்கு முன்னால் மதச் சடங்கை நடத்தி வைப்பதையே வழக்கமாகக் கொண்ட பாதிரியாருக்கு அங்கே தண்டனை உண்டு. நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம். மண்டபம், சமையல், சீர் எல்லாம் முடித்து ஆறு மாதம் கழித்து, பாஸ்போர்ட்டுக்கு வேண்டும் என்று மேரேஜ் சர்டிபிகேட்டுக்கு ஓடி வருவோம்.

சில நாள் கழித்து விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். கல்யாணம் நிஜமா, சேர்ந்து குடியிருக்கிறார்களா என்று உள்ளூரில் கேட்டு அறிக்கை அனுப்புவது வழக்கம். அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு என்னிடம், "பையன் எப்படிங்க ஐயா?" என்றார். "காலைல பழைய சோறு கேக்கறானுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். கொஞ்ச வாரத்தில் அனுமதி வந்தது.

இந்தச் சமயத்தில் புதுக்கோட்டை ராஜா ஞாபகம் வருவார். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார், அதுவும் பதிவுக் கல்யாணம்தான். ஆங்கில அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை. அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு அரியணை உரிமை கிடைக்கவில்லை. ராஜா ஊரை விட்டுப் போய், 1928-இல் பாரிசில் காலமானார். ஒரு சமஸ்தானத்தையே கையில் வைத்திருந்தவருக்கு நடக்காதது, தென்னந்தோப்பு வீட்டுப் பேத்திக்கு ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் நடக்கிறது. அந்த மட்டில் நம் சட்டத்தை நான் மெச்சுகிறேன். (ராஜா மணந்தது ஆகஸ்ட் 10. அதுவும் ஆடிதான் என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். "அதான் பாருங்க" என்றாள். எந்தப் பக்கம் பேசுகிறாள் என்று தெரியவில்லை.)

மெச்சினாலும் அந்த 30 நாளைப் பற்றி எனக்குக் குறை உண்டு. அறிவிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்திலும் 28 நாள் வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே மணமானவன் மறைத்துக்கொண்டு வந்தால் கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும். ஆனால் நம் பலகையில் ஆட்சேபணை சொல்ல வருகிறவர் யார்? முதல் மனைவி வந்து நான் பார்த்ததில்லை. சாதி பார்த்து மாமன் மச்சான்தான் வருவார்கள். அது சட்டப்படி ஆட்சேபணையே இல்லை. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில், மணமக்கள் எழுதிக் கேட்டால் மட்டும் அறிவிப்பை வெளியிட்டால் போதும் என்று சொன்னது. அது நம் ஊருக்கும் வர வேண்டும். வெளிநாட்டவர் விஷயத்தில் இன்னொன்றும் தோன்றுகிறது. தடையில்லை என்று அவர் நாட்டுத் தூதரகமே எழுதிக் கொடுத்த பிறகு, கிணத்துக்கடவு அலுவலகப் பலகையைப் பார்த்துப் பிரான்சில் எவர் ஆட்சேபணை சொல்லப் போகிறார்? விசா தேதி நெருங்கியவர்களுக்காவது அந்த அவகாசத்தைக் குறைக்கும் அதிகாரம் மாவட்டப் பதிவாளருக்கு இருக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான். அமெரிக்கக் குடிமகனைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு 'கே-1' என்று தனி விசா உண்டு. அதில் போனால் 90 நாளுக்குள், மனுப் போட்ட அதே ஆளை மணந்துகொள்ள வேண்டும். ஒரு நாள்கூட நீட்டித் தர மாட்டார்கள். இங்கிலாந்தில் போய்க் கல்யாணம் மட்டும் செய்துகொண்டு திரும்புகிறவர்களுக்கு ஆறு மாத விசா ஒன்று இருக்கிறது. அதை அங்கேயே குடும்ப விசாவாக மாற்ற முடியாது. இருவரில் ஒருவர் இந்தியர் என்றால் 1969-ஆம் வருடத்து வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி நம் தூதரகத்திலேயே மணக்க வழியுண்டு. எந்த விசா, எந்தத் தேதி, நீளுமா நீளாதா என்று டிக்கெட் போடும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆவணி வளர்பிறையில் பொன்மலை வேலாயுதசாமி கோயிலில் தாலி கட்டினான். அருமைக்காரர் வந்து சீர் எல்லாம் முறைப்படி செய்தார். இணைச்சீருக்கு மாப்பிள்ளையோடு நிற்க அக்கா தங்கை வேண்டுமே, அவனுக்கு யாரும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி நான் நிற்கிறேன் என்று வந்து நின்றாள். அன்றிலிருந்து அவளை அவன் 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறான். பதிவு தேதியிலிருந்து இரண்டு வருடம் முடிந்தால் ஓ.சி.ஐ. அட்டைக்கு மனுப் போடலாம். அந்த இரண்டு வருடம் எண்ணப்படுவது ஆகஸ்ட் 14-இலிருந்து, ஆடி 29-இலிருந்து.

பொள்ளாச்சி நண்பரிடம் முதலில் பெண்ணின் பாஸ்போர்ட்டை எடுத்து வரச் சொன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனிலேயே படித்தார். இன்னும் 52 நாள் இருக்கிறது. அவள் நாட்டுச் சான்று கையில் இருக்கிறதாம். "நாளைக்குக் காலைல நோட்டீஸ் குடுத்துருங்க" என்றேன்.

"நாளைக்கு அஷ்டமிங்களே" என்றார்.

நான் போனை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டேன்.